எட்டுப் பால் பல் சொத்தை: நாற்காலியிலா, முழு மயக்கத்திலா?

என் மகளுக்கு நாலரை வயதில் எட்டுப் பற்கள் சொத்தை. மேல் முன்பற்கள் நான்கு, கடைவாய்ப் பற்கள் நான்கு. குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் "6 அல்லது 7 தடவை" என்று எழுதினார். வலப்பக்கம் "ஒரே நாள், முழு மயக்கம்". "வீட்டில பேசிட்டுச் சொல்லுங்கம்மா, ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க" என்றார். அந்தத் தாள் மூன்று வாரம் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கியது.

வீட்டில் பேசினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "விழப்போற பல்லுக்குப் போய் யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களா?" என்றார் மாமியார். அவர் ஊரில் பல்லில் பூச்சி என்றால் கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைப்பார்களாம், பூச்சி உதிர்ந்துவிடுமாம். சொத்தையில் பூச்சி எதுவும் இல்லை. வாயில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. ஆனால் "விழப்போற பல்தானே" என்ற கேள்வியை அப்படிச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. முழு முடிவும் அதில்தான் தொடங்குகிறது.

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும். கடைவாய்ப் பற்கள் அப்படியில்லை, பத்து பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. நாலரை வயதுக் குழந்தைக்கு ஒரு கடைவாய்ப் பல் இன்னும் ஆறேழு வருடம் மெல்ல வேண்டும். அதுவரை இடத்தையும் பிடித்துவைத்திருக்க வேண்டும். பின்னால் உள்ள பால் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் எடுத்துவிட்டால், ஆறு வயதில் முளைக்கும் நிலைப்பல் முன்னால் நகர்ந்துவிடும். பிறகு அந்த இடத்தில் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. பால் பல்லின் வேரில் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லையும் அது கெடுக்கலாம். அதனால் "எத்தனை பல்" என்பதைவிட "எந்தப் பல், எவ்வளவு ஆழம், விழ இன்னும் எத்தனை வருடம்" என்று கேட்பதுதான் சரியான கேள்வி. ஏழு வயதுக் குழந்தையின் ஆடும் முன்பல்லில் சொத்தை என்றால் என் மாமியார் சொல்வதுதான் நியாயம்.

சும்மா விட்டுவிடுவது என்ற வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வலி வந்து, ராத்திரி தூக்கம் போய், கன்னம் வீங்கி நிற்கும்போது தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ஒப்பீடு பார்க்கும் நேரமில்லை.

ஆனால் சும்மா விடுவதும், பல்லைத் துளைக்காமல் சொத்தையை நிறுத்தப் பார்ப்பதும் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் எனக்கு நிறையத் தெரியாமல் இருந்தது. மருத்துவர் கோடு போட்ட தாளில் இல்லாத இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சில்வர் டயமின் ஃப்ளோரைடு. சொத்தையைத் துடைத்துவிட்டு ஒரு சின்னத் தூரிகையால் தடவுகிற சொட்டு மருந்து. ஊசி இல்லை, துளைக்கும் சத்தம் இல்லை, சில நிமிட வேலை. வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு பல்லை இறுக்குகிறது. வழக்கமாகப் பயன்படும் 38 சதவீதக் கரைசலில் சுமார் 44,800 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) ஃப்ளோரைடு இருக்கிறது. ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழங்கிய மருந்து இது. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலான சொத்தைகளை அப்படியே நிறுத்திவிடும், ஆனால் ஒரு தடவை போட்டால் போதாது, திரும்பப் போட வேண்டியிருக்கும். பெரிய குறை, தொட்ட சொத்தை கரிக்கட்டையாகக் கறுத்துவிடும். கடைவாயில் யாருக்கும் தெரியாது. முன்பல்லில் போட்டால் குழந்தை சிரிக்கும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கட்டும்" என்று என் அம்மா சொன்னதுதான் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். பல்லின் நரம்புவரை சொத்தை போய்விட்டால், சீழ் இருந்தால், இந்த மருந்து பயன்படாது.

இன்னொன்று ஹால் முறை. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் தன் சிறுவயது நோயாளிகளுக்குச் செய்துவந்த வழி என்பதால் அந்தப் பெயர். சொத்தையைச் சுரண்டாமல், மரத்துப்போக ஊசி போடாமல், கடைவாய்ப் பல்லின் மேல் ஸ்டீல் கேப் ஒன்றைப் பசை வைத்து அழுத்திவிடுவார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காமல் சொத்தை தூங்கிவிடுகிறது. கேட்கும்போது குப்பையைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளுவதுபோல எனக்குத் தோன்றியது. ஆனால் 2007இல் வெளியான ஒப்பீட்டு ஆய்விலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சாதாரணமாக அடைத்த பற்களைவிட இப்படிக் கேப் போட்ட பற்கள் நன்றாகவே தாக்குப்பிடித்தன. கடிக்கும்போது முதலில் கொஞ்சம் உயரமாகத் தெரியும், சில வாரங்களில் சரியாகிவிடும். இதற்கும் நரம்பு உயிரோடு இருக்க வேண்டும், வலியோ சீழோ இருக்கக் கூடாது.

சரி, தாளின் இடப்பக்கத்துக்கு வருவோம். நாற்காலியில், விழித்திருக்கும் குழந்தைக்கு, ஒவ்வொரு பக்கமாக, ஆறேழு தடவை. நல்ல குழந்தைப் பல் மருத்துவர் முதல் நாள் பல்லைத் தொடவே மாட்டார். கண்ணாடியைக் காட்டுவார், காற்றைக் கையில் ஊதிக் காட்டுவார், நாற்காலியை மேலே கீழே ஓட்டிக் காட்டுவார். அடுத்த தடவை ஒரு சின்ன வேலை. அப்புறம் கொஞ்சம் பெரியது. இந்த வழியின் பெரிய லாபம் பல்லில் இல்லை, குழந்தையின் மனதில் இருக்கிறது. அந்த நாற்காலி பழகிவிடுகிறது. பழகிய குழந்தை வாழ்நாள் முழுக்கப் பல் மருத்துவரிடம் போகும்.

நஷ்டமும் உண்டு. எட்டுப் பல்லில் முதல் இரண்டைச் செய்து முடிப்பதற்குள் கடைசி இரண்டு இன்னும் ஆழமாகிவிடலாம். நடுவில் சளி, பள்ளி விழா, ஊர்த் திருவிழா என்று தேதி தள்ளிக்கொண்டே போகும். வேலைக்குப் போகும் பெற்றோர் ஏழு அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டும். மரத்துப்போன உதட்டைக் குழந்தை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே இதெல்லாம் பெரும்பாலும் நடக்காத காரியம்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். இந்த மருத்துவரிடம் வருவதற்கு முன் வேறொரு இடத்துக்குப் போயிருந்தோம். அங்கே நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள், என்னையும் பிடிக்கச் சொன்னார்கள், நானும் பிடித்தேன். ஒரு பல்லை அடைத்தார்கள். பத்து நாளில் அடைத்தது விழுந்துவிட்டது. அதன்பின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே என் மகள் என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். பிடித்துவைத்து ஒரு பல்லைச் செய்வதால் மிச்சமாகிற பணத்துக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது. அதை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

இரண்டுக்கும் நடுவே சிரிப்பு வாயு என்று ஒன்று உண்டு. நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து மூக்கில் ஒரு சின்ன மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். குழந்தை தூங்காது, பயம் தணிந்து மிதப்பதுபோல இருக்கும், மாஸ்க்கை எடுத்துச் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். கொஞ்சம் பயந்த, ஆனால் சொன்னதைக் கேட்கிற ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு அருமையான வழி. மாஸ்க்கையே தள்ளிவிடும் குழந்தைக்கும் மூக்கடைப்பு உள்ள குழந்தைக்கும் பயனில்லை. என் மகள் முதல் வகை.

இனி முழு மயக்கம். முதலில், அது எப்படி நடக்கிறது. முந்தைய இரவே பட்டினிக் கணக்கு சொல்லிவிடுவார்கள். திட உணவும் மாட்டுப்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம், உங்கள் மருத்துவமனை சொல்வதுதான் கணக்கு. பாட்டி பாசத்தில் ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய சிகிச்சையே ரத்து. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. சளி, இருமல், காய்ச்சல் இருந்தாலும் தள்ளிவைப்பார்கள். மாஸ்க்கில் மருந்து வாசம் பிடித்து ஒரு நிமிடத்தில் குழந்தை தூங்கிவிடும். ஊசியெல்லாம் அதற்குப் பின்தான். வாய் வேலைக்கு வேண்டும் என்பதால் மூச்சு விடுவதற்கான டியூபை மூக்கு வழியாக விடுவார்கள். எக்ஸ்ரே, அடைப்பு, நரம்பு சிகிச்சை, கேப், எடுக்க வேண்டிய பல் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். விழிக்கும்போது பல குழந்தைகள் யாரென்று தெரியாமல் கத்தி அழும், அரைமணியில் அடங்கிவிடும். பெரும்பாலும் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு, முறையான மருத்துவமனையில் மிகவும் அரிது. ஆனால் "அரிது" என்ற சொல்லின் பலம் முழுக்க "முறையான மருத்துவமனை" என்பதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பல் மருத்துவரின் சாதாரண கிளினிக்கிலேயே முழு மயக்கம் கொடுத்துப் பல் எடுத்தார்கள். மரணங்கள் நடந்தபின், 2001 கடைசியோடு அதை நிறுத்தி, மருத்துவமனையில் மட்டுமே செய்யலாம் என்று ஆக்கினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் குழந்தைப் பல் மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2019இல் புதுப்பித்த நெறிமுறை, கிளினிக்கில் ஆழ்ந்த மயக்கம் கொடுத்தால் பல் வேலை செய்கிறவரைத் தவிர, மயக்கத்தை மட்டும் கவனிக்கத் தகுதி பெற்ற ஒருவர் தனியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: மயக்க மருந்து நிபுணர் யார், குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழக்கமா, கடைசிவரை அறையிலேயே இருப்பாரா, ஏதாவது ஆனால் ஐ.சி.யூ. எங்கே? இதற்கு முகம் சுளிக்கிற இடம் என்றால் தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

"மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கும் ஒரு மூலம் இருக்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பதுதான் அது. கைக்குழந்தைகளுக்கு ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்ததைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஐந்து வயதில் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. இதிலிருந்து எனக்குக் கிடைத்த கணக்கு எளிது: ஒரு தடவை என்றால் பயப்பட அதிகம் இல்லை, இரண்டாவது தடவை வராமல் பார்க்க வேண்டும்.

இந்த "இரண்டாவது தடவை" என்பதை வைத்துத்தான் இரண்டு வழிகளையும் எடை போட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நாற்காலியில் ஓர் அடைப்பு விழுந்தால் அடுத்த வாரம் போய் மறுபடி அடைக்கலாம். மயக்கத்தில் செய்தது விழுந்தால் மறுபடி மயக்கம். அதனால் மயக்கத்தில் திட்டம் கொஞ்சம் கறாராக இருக்கும். நாற்காலியில் அடைத்துப் பார்க்கலாம் என்று விடுகிற கடைவாய்ப் பல்லுக்கு மயக்கத்தில் ஸ்டீல் கேப் போடுவார்கள். காப்பாற்றலாமா வேண்டாமா என்று இழுக்கிற பல்லை எடுத்துவிடுவார்கள். "மயக்கம் கொடுத்தும் ரெண்டு பல்ல பிடுங்கிட்டாங்களே" என்று வருத்தப்படுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மருத்துவரின் நிதானமாகத்தான் தெரிகிறது.

பணம்: முழு மயக்கம் என்றால் பல் மருத்துவர் கட்டணத்தோடு மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேரும், பல மடங்கு ஆகிவிடும். பல மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் உடைந்த பல்லுக்குத்தான் தருகின்றன, சொத்தைக்கு இல்லை. உங்களுடையது எப்படி என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பல் மருத்துவக் கல்லூரி எதுவானாலும் குழந்தைப் பல் மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கும். சென்னையிலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. பொறுமையாகக் காத்திருக்க முடிந்தால் செலவு வெகுவாகக் குறையும்.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்: ஒன்றிரண்டு பல், வலி இல்லை, குழந்தை வாயைத் திறக்கிறது என்றால் மயக்கத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம், நாற்காலிதான், அதிலும் கேப்போ தடவும் மருந்தோ முதலில். நிறையப் பல், ஆனால் ஆழமில்லை, வயதும் குறைவு என்றால் சில்வர் மருந்தைத் தடவி ஒரு வருடம் ஓட்டிவிட்டு, குழந்தைக்கு விவரம் வந்தபின் நாற்காலியில் செய்யலாம். பலரும் இந்த வழியை யோசிப்பதே இல்லை. நிறையப் பல், நரம்புவரை சொத்தை, வலி, குழந்தை மிகச் சிறியது, அல்லது நாற்காலியில் உட்காரவே முடியாத வளர்ச்சிக் குறைபாடோ மிகையான பயமோ இருக்கிறது என்றால் முழு மயக்கம் சரியான வழி. "ஏழு தடவை வர நேரமில்லை" என்பது மட்டும் காரணம் என்றால் தயங்குவேன்.

ஏனென்றால் மயக்கத்தில் செய்தாலும் வருகைகள் குறைவதில்லை, பின்னால் தள்ளிப்போகின்றன. 2000இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முழு மயக்கத்தில் வாய் முழுக்கச் சரிசெய்யப்பட்ட 42 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. 79 சதவீதம் பேருக்குப் பின்னால் புதுச் சொத்தை வந்திருந்தது. 17 சதவீதம் பேருக்கு இரண்டே வருடத்தில் மறுபடி முழு மயக்கம் தேவைப்பட்டது. அத்தனை வேலையும் பல்லுக்கு நடந்தது, பல்லைக் கெடுத்த பழக்கத்துக்கு எதுவும் நடக்கவில்லை. பிரிட்டனில் 1,144 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, துளைத்து அடைப்பது, மூடிவைப்பது, தடுப்பு மட்டும் என்று ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. மூன்றிலும் பத்தில் சுமார் நான்கு குழந்தைகளுக்கு வலியோ தொற்றோ வந்தது, பெரிய வித்தியாசமில்லை. அடைத்த விதத்தால் கதை மாறவில்லை.

நாங்கள் முழு மயக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். பிடித்துவைத்த அந்த நாளுக்குப் பின் வேறு வழி தெரியவில்லை. நான்கு ஸ்டீல் கேப், எடுத்த முன்பல் இரண்டு, மீதி இரண்டில் கறுப்பு மருந்து. நான்கு மாதம் நிம்மதியாக இருந்தோம். ஐந்தாவது மாதம் பரிசோதனைக்குப் போனபோது இன்னொரு கடைவாய்ப் பல்லில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு. சொத்தையின் முதல் அடையாளம் அதுதான், கறுப்பு இல்லை. அன்று மருத்துவர் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "ராத்திரி என்ன குடிச்சிட்டுப் படுக்கிறா?" என்றார். சத்து மாவு போட்ட பால், சர்க்கரையோடு. டம்ளரில்தான், பாட்டிலை விட்டாச்சு என்று பெருமையாகச் சொன்னேன். "குடிச்சப்புறம் தேய்க்கிறீங்களா?" இல்லை.

அதற்குப் பின் மாற்றியவை சில. பால் முதலில், பல் தேய்ப்பது கடைசியில், அதற்குப் பின் தண்ணீர் மட்டும். ஏழெட்டு வயதுவரை பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும், குழந்தையின் கைக்கு அந்தப் பக்குவம் வராது. என் மடியில் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டால் பின்பல் நன்றாகத் தெரிகிறது. பேஸ்ட் டப்பாவைத் திருப்பிப் படிக்கப் பழகினேன். குழந்தைப் பேஸ்ட் என்று பழப்படம் போட்டு விற்பவற்றில் சிலவற்றில் ஃப்ளோரைடே இல்லை, சிலவற்றில் பாதி. 1,000 பி.பி.எம். அளவு இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை பட்டாணி அளவு. துப்பிவிட வேண்டும், வாயை நீரால் கொப்பளித்துக் கழுவ வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தப் பக்கம் போர்த் தண்ணீர் குடிக்கும் வீடு என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுப் பேஸ்ட் வாங்குங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறோம். ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுவார்கள், ஐந்து நிமிடம். முதல் இரண்டு தடவை அதுவும் வேண்டாம் என்று, நாற்காலியில் உட்கார்ந்து பல்லை எண்ணிவிட்டு மட்டும் வந்தோம். மயக்கத்தில் தூங்கிவிட்டதால் அவள் கற்காமல் விட்டதை அங்கே கற்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவளே கண்ணாடியை வாங்கி மருத்துவரின் பல்லை எண்ணினாள். வெள்ளைக் கோடு பரவாமல் நிற்கிறது. கீழே பின்னால் ஈறு லேசாகத் தடித்திருக்கிறது, ஆறு வயதுக் கடைவாய்ப் பல். பாதி முளைத்ததும் சீலன்ட் (பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சு) போட்டுவிடலாம், அதற்கு ஊசி வேண்டாம் என்றார்கள். ஆகஸ்டில் தேதி.